பெர்த் மொரிசோவின் ‘தொட்டில்’: தாய்மையின் புகழ்ச்சிதானா?

கேள்வி

வணக்கம். பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மொரிசோ 1872-இல் வரைந்த ‘தொட்டில்’ ஓவியத்தைப் பற்றிக் கல்லூரி மாணவியரிடம் பேசவிருக்கிறேன். தூங்கும் குழந்தையை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாயைக் காட்டும் இந்த ஓவியம் தாயன்பின் அடையாளமாகவே எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அந்த முகத்தில் பூரிப்பைவிட ஆழ்ந்த யோசனையே எனக்குத் தெரிகிறது. அக்காலப் பிரெஞ்சுச் சமுதாயம் பெண்ணிடம் எதிர்பார்த்ததை இந்த ஓவியம் போற்றுகிறதா, கேள்வி கேட்கிறதா?

மறுமொழி 1

அந்தத் தாய் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் பெர்த்தின் அக்காள் எட்மா. தொட்டிலில் இருப்பது அவருடைய மகள் பிளான்ஷ். சகோதரிகள் இருவரும் நிலக்காட்சி ஓவியர் கோரோவிடம் ஓவியம் பயின்று, 1860-களில் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் தங்கள் படங்களைச் சேர்ந்தே காட்சிக்கு வைத்தவர்கள். 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் எட்மா தூரிகையை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார். ஆனாலும் மனம் ஓவியக்கூடத்தையே சுற்றி வருவதாகத் தங்கைக்குக் கடிதம் எழுதினார். ஆகவே இப்படத்தில், ஓவியராகவே நீடித்த தங்கை, ஓவியத்தைக் கைவிட்ட அக்காளைப் பார்க்கிறார். கன்னத்தில் ஊன்றிய எட்மாவின் கையும் தலைக்கருகே மடங்கிய குழந்தையின் கையும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. தாய் இழுத்துவிடும் மெல்லிய திரை குழந்தையை நம் பார்வையிலிருந்து பாதி மறைப்பதால், நம் கண் தாயின் முகத்திற்கே திரும்பி வருகிறது. இதைத் தாயன்பு என்ற ஒரே சொல்லில் அடக்குவது எட்மாவுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு, 1880-ஐ ஒட்டி மொரிசோ வரைந்த மற்றொரு படத்தையும் மாணவியருக்குக் காட்டுங்கள். அதில் ஆஞ்செல் என்ற செவிலித்தாய் மொரிசோவின் மகள் ழூலிக்குப் பாலூட்டுகிறார். தாயே பாலூட்ட வேண்டும் என்று சிந்தனையாளர் ரூசோ 1762-இலேயே வலியுறுத்தியிருந்தும், வசதி படைத்த வீடுகளில் கூலிக்குப் பாலூட்டும் பெண்கள் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பலர் பெற்ற பிள்ளையைக் கிராமத்தில் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்த ஏழைகள். கூலிச் செவிலியரிடம் விடப்படும் குழந்தைகளைக் காக்கும் ரூசெல் சட்டம் 1874-இல் வந்தது. ஒளியின் கணநேரத் தோற்றத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சியில் ‘தொட்டில்’ வைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் சுட்டிக்காட்டியபடி, செவிலித்தாய் படத்தில் இரு பெண்களின் உழைப்பு எதிரெதிரே நிற்கிறது: ஒருவர் பாலூட்டிச் சம்பாதிக்கிறார், மற்றவர் அவரை வரைந்துகொண்டிருக்கிறார். தாய்மையைப் புனிதமாக்கும் படங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுவது இந்தக் கூலியைத்தான்.

மறுமொழி 3

இரு கருத்துகளையும் மதிக்கிறேன். ஆயினும் எட்மாவின் முகத்தில் ஏக்கத்தை மட்டுமே படிப்பதும் ஓவியத்தின்மேல் நாம் ஏற்றும் இன்னோர் எதிர்பார்ப்பாகிவிடக்கூடும். பச்சைக்குழந்தையின் தாய்க்கு அன்பும் அயர்வும் ஒருசேர இருக்கலாம், அந்த முகம் இரண்டுக்கும் இடம் தருகிறது. மேலும், மொரிசோ 1874-இல் திருமணம் செய்துகொண்ட பிறகும் வரைவதை நிறுத்தவில்லை. 1881-இல் பாரிஸை அடுத்த பூழிவால் என்ற ஊரின் தோட்டத்தில் அவர் வரைந்த படத்தில் ழூலியோடு இருப்பவர் தந்தை யூஜின் மானே. அவர் மடியில் விளையாட்டுப் பொருள்களைப் பரப்பி வைத்துக் குழந்தை விளையாடுகிறது. அந்த நேரத்தில் தாய் எங்கிருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று மாணவியரிடமே கேட்டுப் பாருங்கள்.