மறு: அரங்க இருக்கைச் செயலி – 'சீட் பாட்', 'பிளாக்டு சீட்' தமிழில்?

> 'சீட் பாட்' = இருக்கை நெற்று, 'பிளாக்டு சீட்' = காலி இருக்கை என்று வைத்திருக்கிறோம். சரியா?

வணக்கம் தம்பிகளே,

நெற்று வேண்டாம். அது காய்ந்து சலசலப்பது. சேர்ந்து வந்தவர்களுக்கு ஒன்றாக ஒதுக்கும் இருக்கைகள்தானே 'பாட்'; அந்தச் சொல் செய்யும் வேலையைப் பாருங்கள். நாற்காலி அகலம் அரை மீட்டர், கொரோனா இடைவெளி ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தனித்தனியாக விற்கும்போது ஒரு வரிசையில் நான்கு நாற்காலிக்கு ஒன்றுதான் நிரம்பும். ஒரே வீட்டு நால்வரைச் சேர்த்து உட்காரவைத்து அடுத்த மூன்றை விட்டால், ஏழுக்கு நான்கு நிரம்பிவிடும். சேர்ந்து வந்தவர்களைப் பிரிக்காமல் நகர்த்துவதில்தான் உங்கள் நிரலின் உயிரே இருக்கிறது. அதற்குக் 'கொத்து' போதும். இருவர் கொத்து, நால்வர் கொத்து என்று பொத்தானிலும் அடங்கும். 'குழு' வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. 'குடும்பம்' என்றால் நண்பர்கள் எங்கே போவார்கள்? பரோட்டா நினைவுக்கு வந்தால் வரட்டும், பரவாயில்லை.

இடைவெளிக்காக யாரும் உட்காராமல் அடைத்துவைக்கும் 'பிளாக்டு சீட்'டுக்குக் 'காலி'யைத்தான் நான் ஒப்பவே மாட்டேன். பஸ்ஸில் "சீட் காலி" என்றால் போய் உட்காரலாம் என்று பொருள். உங்கள் வரைபடத்தில் சாம்பல் கட்டத்தின்மேல் 'காலி' என்று போட்டால் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். இன்னொருவர் சொன்ன 'அமரா இருக்கை' இலக்கணப்படி சரி, அழகும்கூட. ஆனால் தட்டச்சில் ஒரு கால் விடுபட்டு 'அமர இருக்கை' ஆனால் தொலைந்தோம். என் ஓட்டு 'விலக்கு'க்கு. நிர்வாகி திரையில் அது கட்டளை. ரசிகர் திரையில் 'விலக்கிய இருக்கை'. திரும்பத் திறக்க 'விடுவி'.

'சோஷியல் டிஸ்டன்சிங்'கை 'சமூக இடைவெளி' என்றால், நம் ஊரில் அது வேறு கணக்கையும் கிளறும். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியது. 'தனிநபர் இடைவெளி' என்றே போடுங்கள்.

அப்புறம், அமைப்புப் பக்கத்தில் 'இடைவெளி அளவு: 50%' என்று இருக்கிறதே, அது இரண்டு சங்கதிகளைக் குழப்புகிறது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. 13ஆம் தேதி அதே மைதானத்தில் தொடங்கிய இரண்டாவதற்குப் பாதி இருக்கைகளுக்கு ஆள் விட்டார்கள். அந்தப் பாதி என்பது 'அனுமதி வரம்பு', விழுக்காட்டில் வருவது. இடைவெளி மீட்டரில் வருவது. இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக்கிவிட்டு அடுத்த பட்டியலை அனுப்புங்கள்.