மைனஸ் 46 டிபி காட்டிய அந்த ராத்திரி

பிசின்கை:
ரேடார் உறிஞ்சிப் பொருளில் வேலை பார்த்தவர்கள், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் போடுங்கள். எனக்கு நான்கு வருடமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எபாக்சிப் பிசினில் ஃபெரைட் காந்தத் தூளும் கார்பன் நானோடியூபும், 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையான எக்ஸ் பேண்ட் ரேடார் அலை, வழக்கமான சமாச்சாரம்தான். 22.86க்கு 10.16 மி.மீ. அச்சில் வார்த்து, உப்புத்தாளில் தேய்த்து, வேவ்கைடு (அலையை நடத்திப்போகும் செவ்வக உலோகக் குழாய்) ஹோல்டரில் உட்கார வைத்தேன். அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு தாண்டிப் போகிறது என்று அளக்கும் விஎன்ஏ கருவி பகலில் கிடைக்காது, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நம் முறை. அந்த அளவுகளை (எஸ் என்போம்) எடுத்து, பொருளின் மின், காந்தக் குணத்தைத் தரும் நிக்கல்சன்-ராஸ்-வெயர் கணக்கில் போட்டு, பின்னால் உலோகத் தகடு இருப்பதாக வைத்து 2.3 மி.மீ.க்கு வரைந்தால் 10.4 கிகாஹெர்ட்ஸில் திரும்பும் அலையின் கோட்டில் கிணறு மாதிரி ஒரு இறக்கம். மைனஸ் 46. திரையைப் படம் எடுத்துக் கைடுக்கு அந்த நேரத்திலேயே அனுப்பினேன். அவரும் தூங்கவில்லை போல, உடனே கட்டைவிரல் வந்தது.

காலையில் ஹோல்டரைக் கழற்றும்போது ஏதோ தோன்றி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். அகலப் பக்கச் சுவருக்கும் சாம்பிளுக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் வெள்ளையாக ஒரு கோடு. மின்புலம் மேல் சுவரிலிருந்து கீழ்ச் சுவருக்குப் போகிற இடம் அது. குறுகின பக்கத்தில் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். சில்வர் பேஸ்ட் தடவி இடைவெளியை மூடித் திரும்ப அளந்தால் எப்சிலான் (பொருளின் மின் உட்புகுதிறன்) ஏறிவிட்டது, இறக்கம் 9.1க்கு நகர்ந்துவிட்டது, ஆழம் மைனஸ் 13. ஒரு கைடு பொய் சொன்னது, இன்னொரு கைடு அதை நம்பி மாநாட்டுச் சுருக்கத்தில் போட்டுவிட்டார். திருப்பி வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் இணையத்தில் அது கிடக்கிறது.

கரித்தூள்காரி:
உங்களுக்காவது கோடு கண்ணில் பட்டது. நான் வைவா வரைக்கும் சிரித்துக்கொண்டே போனவள்.

நானோடியூப் கூடக் கூட நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். 2 சதவீதத்தில் தேன் மாதிரி இருந்த பிசின் 8 சதவீதத்தில் கேப்பைக் களி ஆகிவிட்டது, கரண்டி நட்டால் நிற்கும். அதைச் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கலக்கும் கருவி) வைத்துச் சூடேறி, ஆறவிடாமல் அப்படியே ஹார்டனரை ஊற்றியதில் பேப்பர் கப் புகைந்து கையிலேயே கல்லானது தனிக்கதை. எப்படியோ ஒரு தகடு தேறியது. எஸ்21, அதாவது தகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வருவது, மைனஸ் 30. லேபில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த ஐயா அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, குரலைக் கூட உயர்த்தாமல், “அந்தப் பக்கம் வரலைன்னா அலை எங்கேம்மா போச்சு?” என்று கேட்டார். அப்போதுதான் பக்கத்து நெடுவரிசையில் இருந்த எஸ்11, அதாவது திரும்பி வருவது, என் கண்ணிலேயே பட்டது: மைனஸ் 1.5. வந்ததில் 70 சதவீதத்தைத் தகடு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் செய்தது உறிஞ்சி இல்லை, கிட்டத்தட்டத் தகரம். காற்றின் மின்மறுப்புக்கும் தகட்டுக்கும் பொருத்தமே இல்லாதபோது உள்ளே போனால்தானே உறிஞ்ச. “எங்கேம்மா போச்சு” இன்னும் காதில் கேட்கிறது.

பழைய_டெசிபல்:
பிசின்கை தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், 46 நிஜமாகவே வந்திருந்தாலும் அதில் ஒன்றும் இல்லை. மைனஸ் 10 என்றால் 90 சதவீதம் உறிஞ்சியாயிற்று, மைனஸ் 20 என்றால் 99. அதற்குக் கீழே எல்லாம் கட்டுரைக்கு அலங்காரம். மைனஸ் 10க்குக் கீழே எத்தனை கிகாஹெர்ட்ஸ் அகலம் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் மைனஸ் 13 அகலமாக இருந்தால் அதுதான் நல்ல சாம்பிள். ஆழமான ஊசி இறக்கம் என்பது பெரும்பாலும் கால் அலைநீளத் தடிமன் செய்கிற வேலை, முகப்பில் திரும்பும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது. அதற்கு நானோ எதற்கு? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் நீர்மூழ்கியின் சுவாசக் குழாய்க்கு ரப்பரில் கார்போனைல் இரும்பைக் கலந்து போர்த்தினான், மைக்ரான் அளவுத் தூள்தான். சாலிஸ்பரி திரை என்றால் ஒரு சதுரத்துக்கு 377 ஓம் தாளும், கால் அலைநீளம் தள்ளி ஒரு தகடும்தான்.

அதோடு, முதலில் வடிவம், அப்புறம்தான் பூச்சு. சோவியத் இயற்பியலாளர் உஃபிம்த்சேவ் 1962இல் விளிம்புச் சிதறலைப் பற்றி மாஸ்கோவில் எழுதியதை அங்கே யாரும் ரகசியமாகக்கூட நினைக்கவில்லை, அமெரிக்காவில் மொழிபெயர்த்துப் படித்து ரேடாருக்குத் தப்பும் எஃப்-117 விமானத்தின் தட்டைத் தட்டை முகங்களைக் கணக்கிட உதவியாக எடுத்துக்கொண்டார்கள்.

என் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எச்சில் தொட்டு ஒட்டின மாதிரி டேப் போட்டு அளந்து ஒருமுறை திட்டு வாங்கினேன்.

பிசின்கை:
அண்ணே, ஆழம் முக்கியமில்லை என்பது எனக்கும் தெரியும். உறுத்துவது அந்த எண் இல்லை, படம் அனுப்பியது.

கூரைமேல்:
பழைய_டெசிபல் சொல்கிற கார்போனைல் இரும்போடு நான் குடும்பம் நடத்தியவன், எனக்குத் தெரியும் அந்தக் கனம். சிலிக்கோனில் முக்கால் பங்கு எடை இரும்பு, 30க்கு 30 செ.மீ., 2 மி.மீ. தடிமன். அரைக் கிலோவுக்கு மேல். சதுர மீட்டருக்கு 6 கிலோ. ட்ரோன் இறக்கைக்குக் கேட்டு வந்தவர் அதை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கண்டிப்பா ரேடார்ல தெரியாது, மேல ஏறினாத்தானே தெரியும்” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஓடு மடியில் இருந்தது. நானோ வேண்டும் என்று எல்லோரும் அலைவது இந்த எடைக்காகத்தான் பெரியவரே. கொஞ்சம் நானோடியூப் போட்டாலே அலையைத் தின்னும் மின் இழப்பு கிடைத்துவிடுகிறது.

ஹார்டனர்_100க்கு_10:
ஒருநாள் லேபிலிருந்து வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. அம்மா மை என்று நினைத்தார்கள். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் சொல்ல வேண்டியது இருக்கிறது. நானோடியூப் பொடியைத் தராசில் உலர்வாகத் தட்டாதீர்கள், ஃபேன் ஓடும் அறையில் அறவே கூடாது. துணி மாஸ்க் போதாது, என்95 போட்டு ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்து, முதலில் எத்தனாலில் நனைத்துவிடுங்கள், நனைந்தால் பறக்காது. சோனிகேட்டரில் ஐஸ் குளியல் வைத்து விட்டுவிட்டு ஓட்டுங்கள், விடாமல் ஓட்டினால் பிசின் சூடாவதோடு குழாய்களும் நறுங்கிப்போகும். கட்டி கட்டியாக இருந்தால் மூன்று உருளைக்கு நடுவில் அரைக்கும் மூன்று ரோல் மில். எத்தனால் முழுக்கப் போன பிறகுதான் ஹார்டனர், இல்லாவிட்டால் உள்ளே குமிழ். அதன் பிறகும் வேக்குவத்தில் வைத்துக் காற்றை இழுங்கள். தடிமனை ஒரு இடத்தில் அளந்து எழுதிவிடாதீர்கள், மைக்ரோமீட்டரில் ஐந்து இடம். சாம்பிளை ஹோல்டரைவிடக் கொஞ்சம் பெரிதாக வார்த்துத் தேய்த்துக் குறைத்தால் மேலே சொன்ன வெள்ளைக் கோடு பிரச்சினையே வராது.

பிசின்கை:
யாரும் மாஸ்க்கைப் பற்றிக் கேட்கவில்லையே சகோ. சரி, கடைசி வரியை நான்கு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

புதுசு_22:
இங்கே எழுதுவது முதல்முறை. படித்துவிட்டு இப்போதுதான் என் ஹோல்டரைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

வெளிச்சம் தெரிகிறது. நாளை மறுநாள் சினாப்சிஸ். சில்வர் பேஸ்ட் காய எவ்வளவு நேரம் ஆகும்?