நார்மண்டி வேலி செய்யப்போய் தெர்மாகோல் கரைஞ்சு போச்சு, ஐடியா குடுங்கப்பா

வணக்கம் மக்களே, 28 மி.மீ அளவு மினியேச்சர் சிப்பாய் பொம்மைங்க வச்சு ரெண்டாம் உலகப்போர்ல 1944ல பிரான்ஸ்ல நடந்த நார்மண்டி சண்டைய விளையாட ஒரு போர்டு பண்ணிட்டிருக்கேன். அங்க வயல் வரப்பு நம்ம வரப்பு மாதிரி இல்ல, போக்காஜ்னு சொல்வாங்க, ஆள் உயரத்துக்குக்கூட மண்மேடு இருக்கும், மேல மரமும் புதரும் பின்னிக்கிட்டு நிக்கும், இதை உடைச்சுட்டுப் போகவே அமெரிக்க ஷெர்மன் டாங்க் மூக்குல இரும்புப் பல்லு வெல்ட் பண்ணாங்கன்னா பாத்துக்கோங்க. 1:56 ஸ்கேல்ல (நிஜ அளவுல 56ல ஒரு பங்கு) மேடு மட்டும் 3 செ.மீ வருது.

டிவி பெட்டில வந்த தெர்மாகோலை செதுக்கி, அவசரத்துல கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்ட நேரா அடிச்சுட்டேன். பாதி மேடு குழிகுழியா உருகிடுச்சு 😭 ஸ்ப்ரேல இருக்க சால்வென்ட் தெர்மாகோலை தின்னுடும்னு அப்புறம்தான் உறைச்சுது. மிச்சத்துக்கு பெவிகால்ல கறுப்பு அக்ரிலிக் கலந்து கையால ரெண்டு கோட் பூசிட்டேன், அது ஓகே.

இப்ப பிரச்சனை என்னன்னா, அட்டை பேஸ் மேல தண்ணி கலந்த பெவிகால் ஊத்தி மணல் தூவுனேன், காஞ்சதும் அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்குது. அடியிலயும் ஒரு கோட் அடிச்சா நேராகுமா, இல்ல எம்டிஎஃப் பலகைக்கே மாறிடவா?

அப்புறம் இலை. தேங்கா நார்ல புதர் பண்ணி மரத்தூளுக்கு பச்சை சாயம் ஏத்தி ஒட்டுனேன், பாக்க கோலப்பொடி கொட்டுன மாதிரி இருக்கு. எத்தனை ஷேடு பச்சை கலக்குறீங்க, மேல லைட் கலர் டிரை பிரஷ் (பிரஷ்ல பெயின்ட்ட துடைச்சுட்டு மேடான இடத்துல லேசா தேய்க்கிறது) பண்ணணுமா? பண்ணவங்க போட்டோ இருந்தா போடுங்க, ஞாயித்துக்கிழமை கேம் இருக்கு.