இடைவெளியை அடைத்தார்கள், பல் சதுரமாகிவிட்டது

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான். "அதிர்ஷ்டப் பல்லடி, கை வைக்காதே" என்பார் அப்பத்தா. கல்யாணம் நிச்சயமானதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அருகில் இருந்த பல் மருத்துவமனையில், பல் நிறத்துப் பசையை இரண்டு பற்களின் உள்ஓரங்களிலும் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுகச் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் சந்து மறைந்துவிட்டது. வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. வாயைத் திறந்தால் அந்த இரண்டு பற்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் பல் தெரியச் சிரிக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, கிளிப் போடும் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அந்த அம்மா இடைவெளியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கவராயம் போன்ற ஒரு கருவியால் பல் பல்லாக அளந்து தாளில் எழுதினார். நடு முன்பல் சராசரியாக எட்டரை மில்லிமீட்டர் அகலம், பத்தரை மில்லிமீட்டர் உயரம் இருக்குமாம். அகலம் உயரத்தில் முக்கால் பங்கோ சற்றுக் கூடுதலோ இருந்தால்தான் பல் பல்லாகத் தெரியும். பசையோடு என் பல் 10 அகலம், பத்தரை உயரம். கிட்டத்தட்டச் சதுரம்! பசையைக் கழித்தால் சரியாக எட்டரை.

"நடுப்பல்லில் குறையே இல்லையம்மா. அதற்கு அடுத்ததைப் பாருங்கள்" என்றார்.

அடுத்த பல் ஆறரை மில்லிமீட்டர் இருக்க வேண்டியது. எனக்கு இரு பக்கமும் ஐந்துதான். பக்கத்துக்கு ஒன்றரை குறைவு, கூட்டினால் 3. என் இடைவெளியும் அதே 3! பக்கத்துப் பற்கள் சிறுத்துப்போனதால் மிஞ்சிய இடம் நடுவில் வந்து நின்றிருக்கிறது. அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, 14 மாதம் கிளிப் போட்டு நடுப்பற்களைச் சேர்த்தார். பக்கங்களுக்குத் தள்ளிய இடத்தில் சிறிய பற்களைப் பசையால் ஆறரைக்கு அகலப்படுத்தினார். மறுபடி விலகாதபடி பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது.

எல்லோருக்கும் காரணம் இதுவல்ல. என் அலுவலகத் தோழிக்குப் பல் அளவெல்லாம் சரியாகவே இருந்தது. மேலுதட்டைத் தூக்கி இழுத்தால் இரு பற்களுக்கு நடுவே ஈறு வெளுத்தது. உதட்டையும் ஈறையும் பிணைக்கும் சவ்வு மடிப்பு கீழே வரை இறங்கியிருந்தது. அவருக்கு வைத்தியமே வேறு. அதனால்தான் சொல்கிறேன், அளக்காமல் அடைக்க வருகிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

போன மாதம் என் அக்கா, எட்டு வயது மகனின் முன்பற்கள் பெரிதாகவும் விலகியும் இருப்பதாகப் பதறி அழைத்தாள். முளைத்த பல் இனிமேல் அகலமாகாது, முகம்தான் வளரும், பதினொன்று பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாக நெருங்கிவிடும் என்று அந்த மருத்துவரே அவளுக்குச் சொன்னார். இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதுமாம். பையன் அனுப்பிய படத்தில் இரண்டு பல்லும் பளிச்சென்று தெரிகின்றன. அப்பாவின் அதே சிரிப்பு.