வீட்டில் அடிதடி பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன செய்கிறோம்?

அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். டஸ்டரை மேசையில் பட்டென்று வைத்தாலே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வான் ஒரு பையன். ஒருநாள் வீட்டுப்பாடம் எங்கே என்றதற்கு, "நைட்டு அப்பா அம்மாவ அடிச்சாரு மிஸ், நாங்க ஆயா வீட்டுக்கு ஓடிட்டோம், நோட்டு அங்கயே இருக்கு" என்றான். சரிப்பா, இங்கேயே உட்கார்ந்து எழுது என்று வேறு நோட்டு கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் துருவவில்லை. இரவெல்லாம் தூங்காத பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்தால் அரைமணி நேரம் விட்டுவிடலாம், பாடம் எங்கேயும் ஓடிவிடாது. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது கிட்டே இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் அன்றிரவே அம்மா மேல்தான் இறங்கும். அம்மா தனியாக வந்த நாளில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பதையும், அந்த வீட்டிலேயே இருக்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொன்னேன். அப்புறம் பையன் முதுகிலேயே தழும்பைப் பார்த்ததும் தலைமையாசிரியரும் நானும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசினோம். பிள்ளை மேல் கை வைத்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

மேலே எழுதிய டீச்சருக்கு: நான் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வகுப்பு உதவியாளர். இங்கே 'ஆபரேஷன் என்கம்பஸ்' என்று ஒன்று இருக்கிறது, 2011-இல் பிளைமவுத்தில் ஆரம்பித்தது. குடும்பச் சண்டை என்று போலீஸ் ஒரு வீட்டுக்குப் போனால், மறுநாள் பள்ளி தொடங்குவதற்குள் அங்குள்ள பொறுப்பாசிரியருக்குத் தகவல் வந்துவிடும். விவரம் எதுவும் எங்களிடம் சொல்ல மாட்டார்கள், இன்றைக்கு இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு சரி. ஸ்வெட்டர் இல்லாமல் வந்தால் பள்ளியிலிருந்தே ஒன்று எடுத்துக் கொடுப்போம், டெஸ்ட்டைத் தள்ளி வைப்போம். அடியை நேரில் வாங்காவிட்டாலும், பார்த்தும் கேட்டும் வளரும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவர்தான் என்று 2021-இல் சட்டமே சொல்லிவிட்டது. நம் ஊரிலும் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு இப்படி ஒரு போன் வரவேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். அம்மா பிரிந்து வந்துவிட்ட பிறகு, சாயங்காலம் அப்பா கேட்டில் வந்து நின்றால் உங்கள் பள்ளியில் என்ன செய்கிறீர்கள்?