ரெண்டடி தொட்டியில எந்த மீனோட எந்த மீன்? கொட்டகலைக் குளிரு, ஹீட்டர் இல்ல

நீலக்குருவி (கொட்டகலை):
எல்லாருக்கும் வணக்கம். மாமா வீடு மாறிப் போகும்போது அவரு வச்சிருந்த மீன்தொட்டிய எங்களுக்குத் தந்துட்டுப் போனாரு. 24×12×12 அங்குலம், ஸ்பொஞ்ச் பில்டர் ஒண்ணு, அடியில பொடிக்கல்லு. பில்டரைக் காயவிடாம ஈரத்தோடயே கொண்டுவந்து மாட்டியாச்சு. தண்ணி பீலியில (மலை ஊத்துத் தண்ணி) பிடிக்கிறது, குளோரின் கிடையாது.

மீனெல்லாம் கண்டியில ஒரு கடையில வாங்கினது. ஏஞ்சல் ரெண்டு, டைகர் பார்ப் நாலு, நியோன் டெட்ரா ஆறு, கப்பி கொஞ்சம், கோல்ட்பிஷ் ஒண்ணு. "எல்லாம் ஒண்ணா இருக்கும் தம்பி"ன்னு சொல்லித்தான் பையில கட்டித் தந்தாங்க.

இப்ப நியோன்ல நாலைக் காணோம். செத்து மிதக்கவும் இல்ல, மேல கண்ணாடி மூடி இருக்கு, குதிச்சுப் போகவும் வழியில்ல. ஏஞ்சலோட கீழ்ச்செட்டை ரெண்டும் பிஞ்சு கிடக்கு. கப்பியெல்லாம் ஒரு மூலையில நின்ன இடத்துலயே உடம்ப ஆட்டிக்கிட்டு நிக்குது. கோல்ட்பிஷ்ஷு மட்டும் ராஜா மாதிரி சுத்துது. தேர்மோமீட்டர் போட்டுப் பாத்தேன், விடியக்காலை 17 பாகை செல்சியஸ், மத்தியானம் 21.

யாரோட யாரை விடலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கரண்ட் பில்லை நெனச்சா ஹீட்டர் போட யோசனையா இருக்கு.

ஒத்தையடி (பதுளை):
கல் உப்பு ஒரு கைப்பிடி போடுங்க தம்பி, எல்லாம் சரியாயிரும்.

வாத்தியார் (பண்டாரவளை):
உப்பை இப்ப தொடாதீங்க தம்பி. இது நோய் இல்ல, கூட்டணிக் கோளாறு.

காணாமப் போன நியோன் ஏஞ்சல் வயித்துல இருக்கு. ஏஞ்சல் பாக்கத்தான் சாது. வாய்க்குள்ள நுழையிற சைஸ்ல எது வந்தாலும் விழுங்கும், அதுவும் ராத்திரி லைட் அணைஞ்சாப் பிறகு. ஏஞ்சல் செட்டையைப் பிச்சது டைகர் பார்ப். அதுங்க எட்டு, பத்துன்னு கூட்டமா இருந்தா தங்களுக்குள்ளயே துரத்திக்கிட்டுக் கிடக்கும். நாலே நாலு இருந்தா அந்தக் குறும்பெல்லாம் நீளச் செட்டைக்காரன் மேலதான் பாயும். ஏஞ்சல், கப்பி, பைட்டர் மூணுமே அதுக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது.

கப்பிக்கு ரெண்டு கஷ்டம். ஒண்ணு குளிரு. இன்னொண்ணு நம்ம பீலித் தண்ணி. மலைப் பாறையில ஊறி வர்ற தண்ணியில சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு, மெதுத் தண்ணி. கப்பி, மொலி, பிளாட்டி மாதிரி குட்டி போடுற மீனுங்களுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணிதான் ஒத்துவரும். நீங்க சொல்ற அந்த ஆட்டத்துக்கு அதுதான் காரணமா இருக்கணும். கழுவின சிப்பி ஓட்டை ஒரு வலைப்பையில போட்டு பில்டர் பக்கத்துல வச்சா கொஞ்சம் தேறும். ஆனா 17 பாகைக்கு சிப்பி பதில் சொல்லாது.

கோல்ட்பிஷ் ஏன் ராஜா மாதிரி சுத்துது? உங்க தொட்டியில இருக்கிற குளிரு அதுக்குத்தான் பொருத்தம். ஏஞ்சலுக்கு 25க்கு மேல வேணும். இவங்க ரெண்டு பேரையும் ஒரே தண்ணியில வச்சா யாராவது ஒருத்தர் எப்பவும் கஷ்டப்பட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. சண்டை போடுமா போடாதான்னு அப்புறம் பாக்கலாம், நம்ம ஊர்ல முதல்ல பாக்க வேண்டியது விடியக்காலைத் தண்ணியோட சூடு. கண்டிக் கடையில ஒண்ணா நீந்தினது கொட்டகலையில ஒண்ணா நீந்தணும்னு இல்ல.

நீலக்குருவி (கொட்டகலை):
சார், அப்ப ஹீட்டர் போட்டா எல்லாத்தையும் வச்சிக்கலாமா?

வாத்தியார் (பண்டாரவளை):
இல்ல தம்பி. ஹீட்டர் போட்டா கோல்ட்பிஷ் போகணும், டைகர் பார்ப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். உங்க தொட்டி 56 லீட்டர் சொச்சம்தான். ஏஞ்சல் வளந்தா மேல் செட்டையிலிருந்து கீழ்ச்செட்டை வரைக்கும் அரை அடிக்கு மேலயே வரும். கல்லும் தண்ணி மட்டமும் போக உங்ககிட்ட உயரம் எங்க இருக்கு? ஏஞ்சலையும் டைகர் பார்ப்பையும் பெரிய தொட்டி இருக்கிறவங்களுக்குக் குடுத்துருங்க, தனித்தனியா. கோல்ட்பிஷ்ஷுக்கும் பெரிய இடம் வேணும், அழுக்கும் அதிகம் போடும். வீட்டு முத்தத்துல சிமெந்துத் தொட்டி இருந்தா அதுக்கு அதுவே சொர்க்கம்.

பனிமூட்டம் (நுவரெலியா):
தம்பி, நான் ஹீட்டரே வைக்காம ஓட்டுறவ. தை, மாசியில இங்க புல்லு மேல உறைபனி படிஞ்சு கிடக்கும், தொட்டித் தண்ணி 15க்கு இறங்கும். அப்பவும் வைட் கிளவுட் மின்னோ முட்டை போட்டிருக்கு. சீனாவுல குவாங்சோ பக்கத்து வெண்மேக மலை ஓடையில கிடைச்ச மீன், அதுதான் அந்தப் பேரு. 1930கள்ல அதைக் கண்டெடுத்தவர் டான்னு ஒரு சாரணத் தலைவர், டானிக்திஸ்ங்கிற விஞ்ஞானப் பேரு அவருக்காக வச்சது. ஒண்ணரை அங்குலந்தான் வளரும். 14லிருந்து 22 வரைக்கும் சந்தோஷமா இருக்கும். நம்ம ஊருக்கே செஞ்ச மீனு!

கூட சீப்ரா டேனியோ விடலாம், 18 பக்கம் இருந்தாலும் அதுக்குக் கவலையில்ல. அடியில மேய பெப்பர் கோரிங்கிற சின்னக் கெளுத்தி அஞ்சாறு. மத்த கோரிகள விட இது குளிரைத் தாங்கும். மூணு வகைக்கும் கூட்டம் முக்கியம், ஒண்ணு ரெண்டா வாங்கி விட்டுராதீங்க, ஒளிஞ்சே கிடக்கும். உங்க தொட்டிக்கு வைட் கிளவுட் பத்து, கோரி அஞ்சு போதும். சீப்ரா வேணும்னா வைட் கிளவுட்டைக் குறைங்க. ரோசி பார்ப்பும் குளிரு தாங்கும்னு யாராவது சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ரெண்டடித் தொட்டிக்கு அது பெருசு.

ஒத்தையடி அண்ணே, கோரிக்கு உப்பு ஆகாது. கைப்பிடியெல்லாம் போட்டா அதுக்குத்தான் முதல்ல வினை.

ஒத்தையடி (பதுளை):
சரி தங்கச்சி, சொன்னது கப்பிக்குத்தான்.

கெளுத்தி (கண்டி):
ஹீட்டர் வைக்கிற எண்ணம் இருந்தா நம்ம நாட்டு மீனை ஏன் யாருமே சொல்லல? செர்ரி பார்ப், சிங்களத்துல லே தித்தயா, இலங்கையில மட்டும் இயற்கையா இருக்கிறது. பிளாக் ரூபி பார்ப், அதான் புலத் ஹபயா, அதுவும் அப்படித்தான். ரெண்டுமே மெதுத் தண்ணி மீன், உங்க பீலித் தண்ணி அதுங்களுக்குக் கனகச்சிதம். 23, 24ல வச்சா போதும்.

செர்ரி பார்ப் ரொம்ப அடக்கமான சாதி. ஒரு ஆணுக்கு ரெண்டு பொண்ணு கணக்குல ஒம்பது விட்டு, கொஞ்சம் செடி வச்சுப் பாருங்க. தொட்டி கிடைச்ச ரெண்டு நாளைக்கு வெளிறிப்போய்க் கிடக்கும். அப்புறம் ஆண் ஒண்ணு செடி மறைவிலிருந்து பொண்ணு பின்னால வரும் பாருங்க, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ரத்தச் சிவப்பு, பக்கத்துல கறுப்புக் கோடு. பிளாக் ரூபி கொஞ்சம் துடிப்பு, இன்னும் கொஞ்சம் பெருசு, அதனால ரெண்டுல ஒண்ணைத் தெரிவு செய்யுங்க. மிச்சமிருக்கிற நியோன் ரெண்டையும் செர்ரியோட விடலாம், துணைக்கு இன்னும் ஆறு வாங்கிப் போட்டு.

தொட்டியில பெருக்கின குஞ்சையே வாங்குங்க. ஓடையில பிடிக்கப் போகாதீங்க, நம்ம நாட்டுக்கே உரிய மீன்கள்ல பலதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு.

பனிமூட்டம் (நுவரெலியா):
செர்ரியோட சீப்ராவைச் சேக்காதீங்க ஆனா. சண்டை வராது, சாப்பாடுதான் போகும். சீப்ரா மேல்தட்டுலயே எல்லாத்தையும் அள்ளிரும், செர்ரி செடிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டிருக்கும்.

நீலக்குருவி (கொட்டகலை):
பில் எவ்வளவு வரும்னு கொஞ்சம் சொல்லுங்க அண்ணே. அப்புறம் கண்ணாடியில பாசி பிடிக்குது, பாசி மேயுற டாங்க் கிளீனர் மீன் ஒண்ணு போடட்டுமா?

கெளுத்தி (கண்டி):
56 லீட்டரை 17லிருந்து 24க்கு ஏத்த 100 வாட் ஹீட்டர் எடுங்க. 50 வாட் ராத்திரி முழுக்க எரிஞ்சும் எட்டாது. 100 வாட் 10 மணித்தியாலம் எரிஞ்சா ஒரு யூனிட். சூடு வந்ததும் தானா அணையும். பின்பக்கமும் ரெண்டு பக்கமும் அடியிலயும் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டி, மேல கண்ணாடி மூடியைப் போட்டு, தொட்டிய ஜன்னல் ஓரத்துலேருந்து நகத்திட்டா நல்லாவே குறையும். கரண்ட் போனா கம்பளியைச் சுத்தி விடுங்க.

டாங்க் கிளீனர் வேணவே வேணாம். கடையில ரெண்டு அங்குலம், வளந்தா ஒரு அடிக்கு மேல. தொட்டி பத்தாம ஆளுங்க கொண்டுபோய் ஆத்துல விட்டு, இப்ப நம்ம ஆறு குளத்துலயெல்லாம் பெருகிக் கிடக்கு. உங்க கோல்ட்பிஷ்ஷையும் ஓடையில விட்டுராதீங்க, கொட்டகலைத் தண்ணி மகாவலிக்குத்தான் போகுது. பாசிக்கு லைட் நேரத்தைக் குறைச்சு பழைய ஸ்பொஞ்சால தேயுங்க, போதும்.

நீலக்குருவி (கொட்டகலை):
வீட்ல பேசியாச்சு. அம்மா ஹீட்டருக்கு ஒத்துக்கல, அதனால அக்கா சொன்ன வைட் கிளவுட்டும் பெப்பர் கோரியுந்தான். ஏஞ்சல், நியோன், கப்பி மூணையும் கண்டியில பெரியம்மா பையன் எடுத்துக்கிறானாம், அவன்கிட்ட தனித்தனித் தொட்டி இருக்கு. டைகர் பார்ப்புக்கு இன்னும் ஆள் தேடுறேன், யாருக்காவது வேணுமா? புது மீனை ட்ரெயின்ல கொண்டு வரலாமா?

வாத்தியார் (பண்டாரவளை):
டைகர் பார்ப்பை என்கிட்ட அனுப்புங்க, என்கிட்ட ஏழு இருக்கு. ட்ரெயின் நல்லது, குலுக்கல் குறைவு. பையை ரெஜிபோம் பெட்டியில வைங்க, முந்தின நாளு மீனுக்குத் தீனி போட வேணாம்னு கடையில சொல்லுங்க. வீட்டுக்கு வந்து பையைத் தொட்டியில மிதக்க விட்டு, கொஞ்சங் கொஞ்சமா உங்க தண்ணியை ஊத்தி, அரை மணித்தியாலம் கழிச்சு வலையால மீனை மட்டும் விடுங்க. பைத் தண்ணி தொட்டிக்குள்ள போகக் கூடாது. முதல்ல வைட் கிளவுட், ரெண்டு மூணு கிழமை கழிச்சு கோரி. மீன் கழிவை உடைக்கிற பில்டர் பாக்டீரியா குளிர்ல மெதுவாத்தான் பெருகும், ஒரேடியா எல்லாத்தையும் விட்டா கழிவுலேருந்து வர்ற அமோனியா விஷம் ஏறிரும். தீனியும் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல வேணாம்.