மஞ்சள் கடுதாசி கொடுத்தால் ஜிஎஸ்டி பாக்கியும் போகுமா?

நூல்மூட்டை:
தனி உரிமையாளர் பெயரில் நடந்த நூல் வியாபாரம் படுத்துவிட்டது. ஜிஎஸ்டி ஆர்டர் 18 லட்சம். சப்ளையர் பாக்கி, கைமாற்று எல்லாம் சேர்த்து 30 லட்சம். மஞ்சள் கடுதாசி (திவால் மனு) கொடுத்தால் மொத்தத்தையும் தலைமுழுகிவிடலாம் என்கிறார்கள். வரிக்கும் அது செல்லுமா? அதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிடலாமா?

திவால்மனு:
அந்த 30 லட்சத்துக்கு உதவலாம். 18 லட்சத்துக்கு உதவாது.

வியாபாரம் செய்த தனிநபருக்குப் பழைய சட்டங்கள்தான். சென்னை நகரத்துக்குள் 1909-ம் வருட சட்டம், வெளியே 1920-ம் வருட மாகாணத் திவால் சட்டம். 1920 சட்டத்தின் 44-ம் பிரிவு, டிஸ்சார்ஜ் (கடனிலிருந்து விடுவிக்கும்) உத்தரவு வாங்கினாலும் அரசுக்குச் சேரவேண்டிய கடன் தீராது என்று நேரடியாகச் சொல்கிறது. 61-ம் பிரிவு இன்னும் மோசம்: சொத்தை விற்று வரும் பணத்தில் செலவு போக அரசுக்குத்தான் முதல் பங்கு. அதாவது வரித்துறை முதலில் எடுத்துக்கொள்ளும், பற்றாததற்கு மறுபடியும் உங்களிடமே வரும்.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். திவாலானவர் என்று கோர்ட் அறிவிப்பது வேறு, டிஸ்சார்ஜ் வேறு. கோர்ட் குறித்த கெடுவுக்குள் டிஸ்சார்ஜ் மனு போடாவிட்டால் 43-ம் பிரிவில் திவால் அறிவிப்பே ரத்தாகிவிடும். கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வருவார்கள்.

வீட்டை எழுதிவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். எழுதிய 2 வருடத்துக்குள் திவால் மனு வந்தால், பணம் கைமாறாத அந்த செட்டில்மென்ட்டை 53-ம் பிரிவில் ரத்து செய்ய வைக்கலாம். வரி பாக்கி நிற்கும்போது வரியை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றம் ஜிஎஸ்டி சட்டம் 81-ம் பிரிவிலும் செல்லாது.

டிஆர்சி20:
வரிக்கான வழி ஜிஎஸ்டி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டர் கைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று? 3 மாதத்துக்குள் என்றால் அப்பீல் போடலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம் கிடைக்கும். தகராறில் உள்ள வரியில் 10% கட்டினால் மீதியை அப்பீல் முடியும்வரை வசூலிக்க முடியாது.

தொகை சரிதான் என்றால் டிஆர்சி-20 படிவத்தில் தவணை கேளுங்கள். அதிகபட்சம் 24 மாதம். 18 லட்சத்துக்கு மாதம் 75,000, வட்டி தனி. ரிட்டர்னில் நீங்களே காட்டிய வரிக்குத் தவணை கிடையாது, ஆர்டரில் வந்ததற்கு மட்டும்தான். ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதையும் உடனே கட்டச் சொல்வார்கள். அதனால் கட்ட முடிகிற தொகையைக் கணக்குப் போட்டுவிட்டுப் போடுங்கள்.

சும்மா இருந்தால் டிஆர்சி-13 என்ற வசூல் நோட்டீஸ் வரும், அதுவும் உங்களுக்கு அல்ல. உங்கள் பேங்குக்கும், உங்களுக்குப் பணம் தரவேண்டிய பார்ட்டிகளுக்கும் போகும்.

நூல்மூட்டை:
நன்றி. பிரைவேட் லிமிடெட்டாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமோ?

திவால்மனு:
கம்பெனி தப்பிக்கும். கம்பெனிகளுக்கான 2016 திவால் சட்டத்தின் 53-ம் பிரிவில், கலைக்கும்போது பணம் பிரிக்கும் வரிசையில் அரசுப் பாக்கி, தொழிலாளர் சம்பளத்துக்கும் பேங்க் கடனுக்கும் பின்னால்தான். கம்பெனியைக் கலைக்காமல் மீட்க ஒப்புதல் பெற்ற தீர்வுத் திட்டத்தில் சேராத பழைய வரி அத்தோடு ஒழிந்தது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனியைக் கலைத்து, அதனிடம் வரியை வசூலிக்க முடியாமல் போனால் ஜிஎஸ்டி 88-ம் பிரிவு அந்தக் காலத்து டைரக்டர்களைப் பிடிக்கும். தங்கள் அலட்சியமோ முறைகேடோ காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, அதிகாரியின் பொறுப்பு அல்ல.